பலகையும் இருப்பும்

நுழையும்முன்

ஒரு கணினியில் சேமித்த கோப்பு அடுத்த கணினியின் திரையில் தென்படாதபோது, அது தொலைந்துவிட்டதாகவே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம் கண்முன் உள்ள பட்டியல்தான் பழையதாக இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் என இயக்க அமைப்புகள் மாறும்போது, பகிர்வுக் கோப்புறை ஏன் வெவ்வேறாகத் தோன்றுகிறது, அதனை எப்போது புதுப்பித்துப் பார்க்க வேண்டும், புதுப்பித்தும் பயனில்லாத இடங்கள் எவை என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஆண்டு மலருக்கான பணி நடைபெறுவதாகக் கொள்வோம். கட்டுரைகள் அனைத்தும் ஆய்வகச் சேவையகத்தில் ‘மலர்’ என்னும் ஒரே கோப்புறையில் உள்ளன. எல்லாக் கணினிகளும் வலையமைப்பின் வழியாக அக்கோப்புறையைப் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸ் இயங்கும் கணினியில் ஒரு மாணவி தம் கட்டுரையைத் தட்டச்சு செய்து சேமிக்கிறார். பின்னர், படங்களைச் சேர்ப்பதற்காக உபுண்டு லினக்ஸ் இயங்கும் கணினிக்குச் செல்கிறார். அங்கே காலையிலிருந்தே ‘மலர்’ கோப்புறை திறந்திருக்கிறது. ஆனால், அதில் அவருடைய கட்டுரை இல்லை. சேமிக்கத் தவறிவிட்டோம் என்று கருதி, நினைவிலிருந்து நான்கு பத்திகளை மட்டும் தட்டச்சு செய்து அதே பெயரில் சேமிக்கிறார். ‘இப்பெயரில் ஒரு கோப்பு முன்பே உள்ளது, அதன்மீது எழுதலாமா?’ என்று கணினி கேட்கிறது. அவசரத்தில் ‘ஆம்’ என்கிறார். முழுக்கட்டுரை இருந்த இடத்தில் இப்போது நான்கு பத்திகள் மட்டுமே உள்ளன.

இங்கே எந்தக் கணினியும் பழுதுபடவில்லை, வலையமைப்பும் அறுந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வகுக்கப்பட்ட விதிப்படியே நடந்துகொண்டது. இருந்தும் ஓர் உழைப்பு அழிந்தது. அந்த விதிகளைத்தான் நாம் அறிய வேண்டியுள்ளது.

பலகை சொல்லும் செய்தி

நியாயவிலைக் கடையின் முகப்பில் இருப்புப் பலகை ஒன்றைக் காணலாம். அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு ஆகியவற்றின் இருப்பு அதில் எழுதப்பட்டிருக்கும். காலையில் கடை திறக்கும்போது எழுதப்பட்ட எண் அது. நண்பகலில் வருபவர் பலகையைப் படித்துவிட்டு வரிசையில் நின்றால் ஏமாறவும் கூடும். உண்மை நிலையை அறிய விரும்புபவர் உள்ளே இருக்கும் பணியாளரிடம் கேட்க வேண்டும். பணியாளர் கிடங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

திரையில் நாம் காணும் கோப்புறைச் சாளரமும் இத்தகைய பலகையே. கோப்புகள் சேவையகத்தின் வட்டில் இருக்கின்றன. அவற்றின் பெயர், அளவு, திருத்திய நேரம் ஆகியவற்றை நம் கணினி ஒருமுறை கேட்டறிந்து, தன் நினைவகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அதையே நமக்குக் காட்டுகிறது. இந்த இடைக்கால நினைவைக் கணினித் துறையினர் ‘கேஷ்’ என்பர். புதுப்பித்தல் என்பது, எழுதிவைத்ததை ஒதுக்கிவிட்டு மீண்டும் கேட்குமாறு கணினிக்கு இடும் ஆணை.

ஒவ்வொரு முறையும் கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரு கேள்வி சேவையகத்திற்குச் சென்று விடையோடு திரும்ப 5 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிமைக்கும் நேரத்தைவிட அது மிகக் குறைவு. ஆனால் கோப்புறையில் 1000 கோப்புகள் இருந்து, ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியே கேட்டால் 5 நொடி ஆகிவிடும். ஆய்வகத்தில் 30 கணினிகள் ஒரே நேரத்தில் இவ்வாறு கேட்டால் சேவையகம் திணறும். ஆகவே, சிறிது காலம் பழைய விடையை நம்பலாம் என்று இயக்க அமைப்புகள் முடிவு செய்தன. எவ்வளவு காலம் நம்பலாம் என்பதில்தான் அவை ஒன்றோடொன்று வேறுபடுகின்றன.

இரண்டு நெறிமுறைகள், ஒரு பாலம்

வலையமைப்பின் வழியாகக் கோப்புகளைப் பகிர்வதற்கு இரண்டு நெறிமுறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று எஸ்.எம்.பி.; ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் 1983ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். பின்னர் மைக்ரோசாஃப்ட் இதனை வளர்த்தெடுத்தது. விண்டோஸின் பகிர்வுக் கோப்புறைகள் இன்றும் இதன்வழியே இயங்குகின்றன. மற்றொன்று என்.எஃப்.எஸ்.; சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் யூனிக்ஸ் கணினிகளுக்காக இதனை உருவாக்கியது. லினக்ஸ் இதனை வழிவழியாகப் பெற்றுக்கொண்டது. தொடக்கத்தில் இவ்விரு உலகங்களும் ஒன்றின் மொழியை மற்றொன்று அறியாதனவாகவே இருந்தன.

இவற்றுக்கிடையே பாலம் அமைத்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1991ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இப்பணியைத் தொடங்கினார். கணினிகள் இரண்டும் கம்பியின் வழியாக அனுப்பிக்கொண்ட தரவுப் பொதிகளைக் கூர்ந்து கவனித்து, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது எனக் குறித்துக்கொண்டே அவர் அந்த மொழியைக் கற்றார். அயல்நாட்டு உணவகம் ஒன்றில் அமர்ந்து, பக்கத்து மேசையில் இருப்பவர் என்ன சொல்கிறார், அவருக்கு என்ன பரிமாறப்படுகிறது என்று பார்த்துப் பார்த்தே அம்மொழியைப் பயில்வதற்கு இம்முறையை அவர் பின்னாளில் ஒப்பிட்டார். அவ்வாறு பிறந்த மென்பொருளே ‘சாம்பா’. எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அவ்வரிசையில் வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடி அப்பெயரை அவர் கண்டெடுத்தார். லினக்ஸ் சேவையகம் ஒன்று விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புறை வழங்குகிறது என்றால், அதன் பின்னணியில் பெரும்பாலும் சாம்பாவே இருக்கும்.

மொழி பொதுவானது, பழக்கங்கள் அவ்வாறு ஆகவில்லை. விண்டோஸ், எஸ்.எம்.பி. கோப்புறையின் பட்டியலை இயல்பாக 10 நொடி வரை நினைவில் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் அதே நெறிமுறையைத் தன் கருவகத்தின் வழியே பயன்படுத்தும்போது, கோப்பின் அளவு, நேரம் முதலிய விவரங்களை இயல்பாக 1 நொடி மட்டுமே நம்பும். அதே லினக்ஸ், என்.எஃப்.எஸ். வழியாகச் சென்றால் கோப்புகளின் விவரங்களை 3 முதல் 60 நொடி வரையிலும், கோப்புறைகளின் விவரங்களை 30 முதல் 60 நொடி வரையிலும் நம்பும். ஒரே சேவையகத்தை ஒரே வேளையில் பார்க்கும் இரண்டு திரைகள் வெவ்வேறு பட்டியல்களைக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

இதில் வியப்பூட்டும் கூறு ஒன்றுண்டு. விண்டோஸ் ‘இருப்பதை’ மட்டுமன்றி ‘இல்லாததையும்’ நினைவில் வைக்கிறது. ஒரு கோப்பைத் தேடி, அது இல்லை என்று சேவையகம் சொல்லிவிட்டால், அந்த விடையை அது 5 நொடி வரை நினைவில் கொள்ளும். அதற்குள் வேறொருவர் அக்கோப்பை உருவாக்கிவிட்டாலும், மறுபடி கேட்பவருக்கு ‘இல்லை’ என்றே விடை கிடைக்கலாம். ‘இப்போதுதானே சேமித்தேன்!’ என்று ஒருவரும் ‘இங்கே வரவில்லையே!’ என்று மற்றொருவரும் வழக்காடும் அந்தச் சில நொடிகளில் இருவர் கூற்றும் உண்மையே.

சொல்லி அனுப்புதல்

மேற்சொன்னவை நொடிக்கணக்குகள். ஆய்வகத்து மாணவி கண்ட பட்டியலோ காலையிலிருந்து மாறாதிருந்தது. அதற்கு வேறொரு காரணம் உண்டு.

கேட்டுக்கொண்டே இருப்பதற்கு மாற்றாக, ‘மாற்றம் நேர்ந்தால் எனக்குச் சொல்லி அனுப்பு’ என்று சேவையகத்திடம் முன்கூட்டியே பதிந்துகொள்ளும் வழி எஸ்.எம்.பி. நெறிமுறையில் உள்ளது. விண்டோஸின் கோப்புறைச் சாளரம் அதனைப் பயன்படுத்துகிறது. ஆகவேதான் அங்கே புதிய கோப்புகள் பலவேளைகளில் தாமாகவே வந்து தோன்றுகின்றன. லினக்ஸிலும் மாற்றங்களை அறிவிக்கும் ‘ஐநோட்டிஃபை’ என்னும் ஏற்பாடு 2005 முதல் இருக்கிறது. ஆனால், அது தன் கணினியில் நிகழும் மாற்றங்களை மட்டுமே அறியும். வலையமைப்பின் மறுமுனையில் வேறொரு கணினி செய்த மாற்றம் அதன் செவிக்கு எட்டாது. எனவே, லினக்ஸில் திறந்து வைக்கப்பட்ட பகிர்வுக் கோப்புறை, யாரேனும் கேட்கச் சொல்லும்வரை பெரும்பாலும் பழைய தோற்றத்திலேயே நிற்கும்.

கேட்கச் சொல்வது எளிது. விண்டோஸில் எஃப்5 விசையையும், உபுண்டுவின் கோப்பு மேலாளரில் எஃப்5 அல்லது கன்ட்ரோல், ஆர் ஆகிய விசைகளையும் அழுத்தினால் போதும். மேக் கணினியின் ஃபைண்டரில் புதுப்பித்தலுக்கென்று கட்டளையே இல்லை! பயனருக்கு அது தேவைப்படாது என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்க வேண்டும். வலையமைப்புக் கோப்புறைகளில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போவதைப் பலரும் கண்டிருக்கின்றனர். அங்கே கோப்புறையை விட்டு வெளியேறி மீண்டும் உள்ளே வருவதே வழி. எந்த இயக்க அமைப்பாயினும், விசையை அழுத்தியும் மாற்றம் தெரியவில்லையெனில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்து மறுபடியும் அழுத்த வேண்டும். மேலே கூறிய நொடிக்கணக்குகள் அதற்குள் முடிந்துவிடும்.

பட்டியல் வேறு, கோப்பு வேறு

புதுப்பித்தல் பட்டியலுக்கு மட்டுமே உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாணவர் உபுண்டுவில் ‘முன்னுரை’ என்னும் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார். மற்றொருவர் விண்டோஸில் அதே கோப்பைத் திருத்திச் சேமிக்கிறார். முதலாமவர் எஃப்5 விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பட்டியலில் கோப்பின் நேரம் மாறுமேயொழிய, அவர் திறந்து வைத்துள்ள பக்கம் மாறாது. அவர் அப்படியே சேமித்தால் மற்றவரின் திருத்தங்கள் மறைந்துபோகும்.

இதனைத் தடுக்கவே சொற்செயலிகள் சிறு காவல் கோப்புகளை உருவாக்குகின்றன. லிப்ரெஆஃபிஸ் ஓர் ஆவணத்தைத் திறந்தவுடன், அதே கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் ஒரு பூட்டுக் கோப்பை இடுகிறது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை லினக்ஸ் மறைத்துவிடும். விண்டோஸ் இயல்பாக அவ்வாறு மறைப்பதில்லை. எனவே, லினக்ஸில் பணியாற்றுபவர் காணாத அந்த விந்தையான கோப்பு விண்டோஸில் கண்ணில் படலாம். ‘ஏதோ குப்பை’ என்று நினைத்து ஒருவர் அதை அழித்தும்விடுகிறார். அது குப்பையன்று, யாரோ அந்த ஆவணத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்கான அடையாளம். மின்தடையினால் கணினி திடீரென நின்றுபோயிருந்தால் மட்டும் உரியவர் இன்றி அது எஞ்சியிருக்கும்.

சேவையகமும் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஒரு கோப்பை ஒருவர் மட்டுமே பயன்படுத்தும்வரை, அதனை அவர் கணினியிலேயே வைத்து எழுதிக்கொள்ள எஸ்.எம்.பி. இசைவளிக்கும். வேறொருவர் கேட்டவுடன், எழுதியவற்றைத் திருப்பி அனுப்புமாறு முதலாமவருக்கு ஆணை செல்லும். நூலகத்திலிருந்து வீட்டிற்கு எடுத்துச்சென்ற நூலை, இன்னொருவர் கேட்டதும் திரும்பக் கொண்டுவரச் சொல்வது போன்றது இது. ஆனால், ஒரே கோப்புறையை விண்டோஸுக்கு எஸ்.எம்.பி. வழியாகவும் லினக்ஸுக்கு என்.எஃப்.எஸ். வழியாகவும் வழங்கும் சேவையகத்தில், தனி ஏற்பாடு செய்யப்படாவிட்டால் இந்த அழைப்பு உரியவரைச் சென்றடையாது. கலப்பு ஆய்வகங்களில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நெறிமுறையைத் தருவதே தக்கது என்பது அதனால்தான்.

என்.எஃப்.எஸ். அளிக்கும் உறுதி எளிமையானது: ஒருவர் கோப்பை மூடிய பிறகு, மற்றொருவர் அதைத் திறந்தால் புதிய உள்ளடக்கமே கிடைக்கும். மூடாத கோப்புக்கு இவ்வுறுதி பொருந்தாது. இருக்கையை விட்டு எழும் முன் சேமித்தால் மட்டும் போதாது, கோப்பை மூடவும் வேண்டும் என்று ஆய்வகங்களில் வலியுறுத்தப்படுவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

ஒரே கணினியில் இரண்டு அமைப்புகள்

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கப்பெற்ற திட்டத்தின்கீழ் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டும் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்வதால், இங்கும் ‘பழைய பட்டியல்’ என்னும் சிக்கல் எழுகிறது. முன்னதைக் காட்டிலும் கடுமையான வடிவில் எழுகிறது.

2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதி உள்ளது. கணினியை அணைக்கும்போது விண்டோஸின் கருவகம் முழுமையாக அணைவதில்லை. அது தன் நினைவில் உள்ளவற்றை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு உறங்கச் செல்கிறது. மறுமுறை எழும்போது அந்த நினைவை அப்படியே மீட்டுக்கொள்கிறது. வட்டின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பு இருக்கிறது என்னும் பட்டியலும் அந்த நினைவில் அடக்கம். இடையில் நாம் லினக்ஸைத் தொடங்கி அதே வட்டுப் பகுதியில் புதிய கோப்புகளை எழுதினால் என்ன ஆகும்? விழித்தெழும் விண்டோஸ் தான் உறங்கும்முன் கண்ட பட்டியலையே மெய்யென்று நம்பும். காலியிடம் என்று தான் நினைக்கும் இடத்தில் எழுதும். அங்கே லினக்ஸ் எழுதியவை சிதையும். இதற்கு எஃப்5 விசையால் தீர்வில்லை.

இவ்விடரை அறிந்திருப்பதால்தான், உறங்கும் விண்டோஸின் வட்டுப் பகுதியை லினக்ஸ் திறக்க மறுக்கிறது, அல்லது படிப்பதற்கு மட்டும் திறக்கிறது. ‘எழுத இயலாது’ என்ற அறிவிப்பைக் கண்டவுடன் அதனை மீற வழிதேடுவோர் உண்டு. மீறாமல் இருப்பதே நன்று. விண்டோஸுக்குத் திரும்பிச் சென்று, ‘மறுதொடக்கம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதன்வழியே லினக்ஸுக்கு வர வேண்டும். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைக்க வேண்டும். இவ்விரண்டு வழிகளிலும் விண்டோஸ் உறங்காமல் முழுமையாக விடைபெறும். அடிக்கடி அமைப்பை மாற்றுபவர்கள் விரைவுத் தொடக்கத்தையே நிறுத்திவைக்கலாம். தொடங்கும்போது சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவே.

தெரிந்து தெளிவோம்

கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் இயல்பாக உள்ளூர் நேரத்தில் வைக்கிறது. லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியவுடன் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தோன்றலாம். இணைய இணைப்பு கிடைத்தால் நேரம் சரியாகிவிடும். அதற்கிடையில் சேமித்த கோப்புகள் தவறான நேரத்தைத் தாங்கியிருக்கும். புதிய படி பழையது போலவும் பழைய படி புதியது போலவும் பட்டியலில் நிற்கும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

புதுப்பித்தாயிற்று, ஒரு நிமிடம் பொறுத்தும் பார்த்தாயிற்று, கோப்பு பட்டியலில் தெரியவும் செய்கிறது. ஆயினும், பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் ‘இல்லை’ என்கிறது கணினி. இப்போது ஐயப்பட வேண்டியது பெயரையே.

ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோஸ் ஒன்றாகக் கொள்ளும். தமிழில் அவ்வேறுபாடு இல்லாததால் தமிழ்ப் பெயர்கள் இத்தொல்லையிலிருந்து தப்பிவிட்டன. ஆனால், நமக்கே உரிய வேறொரு தொல்லை இருக்கிறது.

‘கோவை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வகை. இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு வகை. அச்சில் இரண்டும் ‘கோ’ என்றே தெரியும். கணினியிலோ முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. இவையிரண்டும் சமமானவை என்று யூனிகோடு தரமே கூறுகிறது. ஆனால், லினக்ஸின் கோப்பு அமைப்புகள் பொதுவாகப் பைட்டுகளை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 1998இல் அறிமுகம் செய்த கோப்பு அமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த புதிய கோப்பு அமைப்பு, தந்த வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. பழைய மேக் கணினியிலிருந்து வந்த ‘கோவை’யும், விண்டோஸில் தட்டச்சு செய்த ‘கோவை’யும் ஒரே லினக்ஸ் கோப்புறையில் அருகருகே இரண்டு கோப்புகளாக அமரக்கூடும். கொ, கோ, கௌ வரிசைகளில் உள்ள எல்லா எழுத்துகளுக்கும் இது பொருந்தும்.

ஔகாரத்தில் சிக்கல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒரே உயிரெழுத்தாகத் தட்டச்சு செய்வதே முறை. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்று அமைத்துவிடுகின்றனர். இவ்விரண்டையும் யூனிகோடு தரமும் சமமாகக் கொள்வதில்லை. பின்னதைக் கணினி ‘ஒளி’ என்னும் சொல்லின் தொடக்கம் போலவே படிக்கும். அகரவரிசையில் ஒன்று உயிரெழுத்துகளின் இறுதியிலும், மற்றொன்று ஒகர வரிசையிலும் சென்று நிற்கும். ஆண்டு மலரில் ஔவையாரைப் பற்றிய கட்டுரை இவ்விரு பெயர்களிலும் கிடந்தால், எந்த இயக்க அமைப்பில் எத்தனை முறை புதுப்பித்தாலும் அவை ஒன்றாகா. இரண்டையும் திறந்து, எது முழுமையான படி என்று படித்துப் பார்த்து, மற்றதற்கு வேறு பெயரிட்டுத் தனியே எடுத்துவைக்க வேண்டியதுதான்.